நீ டிக் போட்ட வரி

உன் பென்சிலை இன்று மேசைக் காலிலிருந்து அவிழ்த்தேன். வருகிறவர்கள் ஞாபகமறதியாகக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று நீ சணல் போட்டுக் கட்டிவைத்த அதே சிவப்புக் கறுப்புப் பென்சில். கட்டைவிரல் நீளம்தான் மிச்சம். சீவியதும் மர வாசனை வந்தது, கூடவே நீயும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். கூப்பிட்டபோது வராதவள். சரி, வந்ததுதான் வந்தாய், உட்கார். உன்னிடம் நான் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது.

காலையில் திருவான்மியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் மின்விசிறிக்குக் கீழே நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு விடுதலைப் பத்திரம். வக்கீல் ஆங்கிலத்தில் தயாரித்தது, தமிழில் வேண்டுமாம். அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கிறார். அந்த அண்ணன் வாசலில் பைக்கை விட்டு இறங்காமலேயே போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்திரத்தைப் புரட்டினால் இரண்டாம் பக்கத்தில் அந்தச் சொல். லைஃப். அம்மாளின் தாயார் உயில் எழுதும்போது, மகள் தன் ஆயுள் உள்ளவரை வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியிருக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த உரிமையைத்தான் இவர் இப்போது விட்டுக்கொடுக்கிறார். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் அண்ணன்மேல் இல்லை, உன்மேல்.

நம் அட்டைப்பெட்டியை எடுத்தேன். யார் கல்யாணத்திலோ கொடுத்த இனிப்புப் பெட்டி, மூடியில் இன்னும் பிள்ளையார் இருக்கிறார். தொல்லை தருகிற ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டோமே. எந்தக் காகிதத்தில் வந்தது, தமிழில் என்ன போட்டோம், ஏன் போட்டோம். மற்ற சொற்கள் எல்லாம் ஓர் அட்டைக்குள் அடங்கின. லைஃப் அடங்கவில்லை. கீழே இன்னோர் அட்டையை ஒட்டி, அதற்கும் கீழே மூன்றாவதை ஒட்டி, பஞ்சாங்கம்போல மடித்து வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் வந்தால் உயிர். கல்யாணப் பதிவுக்கு வந்தவர்களின் மனுவில் வாழ்க்கை. காப்பீட்டுக் காகிதத்தில் ஆயுள், சிறையிலிருந்து வரும் காகிதத்திலும் ஆயுள்.

“காப்பாத்தறதுக்கும் அதே வார்த்தை, தண்டிக்கறதுக்கும் அதே வார்த்தை. பாருடி,” என்று நீ சிரித்தாய்.

வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தான் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார், நினைவிருக்கிறதா? உயிர்வாழ் சான்றிதழ் என்று நான், வாழ்நாள் சான்றிதழ் என்று நீ. அவர் எதிரிலேயே அரை மணி நேரம் சண்டை போட்டோம். “எதையாவது போடுங்கம்மா, அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடப் போறேன்,” என்றார் அவர். அன்று நீ கண்ணில் நீர் வரச் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. கேட்டால் எரிச்சலாகவும் இருக்கிறது.

டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்ததில் ஆரம்பித்து, மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் சந்துக்குள் பத்துக்குப் பத்து அறையில் தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று பலகை மாட்டியதுவரை நாம் இரண்டு பேரும் சரிசமம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் ஆங்கிலம் நன்றாக இருக்கும், என் தமிழ் நன்றாக இருக்கும். என் வாயிலிருந்து ‘இன்னா’ விழும்போதெல்லாம் நீ திருப்பிச் சொல்லிக் கேலி செய்வாய். ‘ஆத்துல’ என்று நீ ஆரம்பித்தால் எந்த ஆற்றில் என்று நான் கேட்பேன். இருபத்தாறு வருஷம் இந்தக் கேலி அலுக்கவில்லை.

நமக்கென்று ஒரே ஒரு சட்டம்தான். படித்துப் பார்க்காமல் ஒரு காகிதம்கூட இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருத்தி ஆங்கிலத்தை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவள் தமிழை வைத்துக்கொண்டு, சரியாக இருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஓரத்தில் பென்சிலால் டிக் போட வேண்டும். என் டிக் எறும்பு மாதிரி இருக்கும். உன்னுடையது வால் நீண்டு அடுத்த வரி வரைக்கும் போகும். டிக் விழாத வரி இருந்தால் காகிதம் நிற்கும். வாசலில் ஆட்டோ காத்திருந்தாலும் நிற்கும்.

ஆற்றங்கரைக் குடிசையைக் காலி செய்யச் சொல்லி வந்த காகிதத்தை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் ஒருநாள். சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்.

“இன்னாம்மா எயுதிக்கீது இதுல? கையெய்த்துப் போட்டா ஊட்டுச் சாவி தரேன்றாங்க. எங்கியோ கடைசில கீதாம் ஊடு.”

நீ வரி வரியாகப் படித்துச் சொன்னாய். வாழ்வாதாரம் என்று நீ சொன்ன இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது இன்னா ஆதாரமோ எனக்குத் தெரியாது. பொயப்புன்னு சொல்லும்மா. அங்க போனா வண்டி ஓட்டுற பொயப்பு போயிடும். அத்தத்தான கேக்குறேன், அதுக்கு இதுல பதில் கீதா?”

இல்லை. அந்தக் காகிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நீ அவரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. எழுந்து வாசல்வரை போய், “பெத்த பிள்ளையே வந்து நீட்டினாலும் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்கோ,” என்றாய். திரும்பி வந்து அட்டையில் ‘பிழைப்பு’ என்று எழுதிச் சேர்த்தாய். ஊருக்கெல்லாம் சொன்னாய்.

உன் அப்பா உனக்கு எழுதிவைத்தது மாடியில் ஓர் அறையும் அதை ஒட்டிய சின்னச் சமையல் மூலையும். கல்யாணம் வேண்டாம் என்று நீ இருந்துவிட்டதால் அவருக்கு உன்னைப் பற்றிப் பயம். வீடு அண்ணனுக்கு. ஆனால் ‘என் மகள் தன் ஆயுள் உள்ளளவும் மேற்படி அறையில் குடியிருந்து அனுபவித்து வர வேண்டியது.’ உயிலை நீதான் தமிழில் பெயர்த்தாய், நான்தான் படித்துப் பார்த்தேன். அந்த வரியை நீ ஸ்லோகம்போல மனப்பாடமாகச் சொல்வாய். “என்னை யாரும் அசைக்க முடியாதுடி,” என்பாய். அண்ணன் இருந்தவரைக்கும் யாரும் அசைக்கவும் இல்லை.

அண்ணன் போனார், வீடு அவர் பிள்ளை கைக்கு வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக இடித்து அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் மத்தியானம் தயிர் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னாய், யாரோ ஒருவர் வீட்டுக் கதைபோல.

“நேத்திக்குப் போன்ல பேசிண்டிருந்தான். ‘அத்தை இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வக்கீல் சொல்றார்’னு. நான் மாடிப்படியில நிக்கறது தெரியாது அவனுக்கு. என் ஆயுசு எப்போ முடியும்னு ஆத்துல எல்லாரும் காலண்டர் பார்த்துண்டிருக்காடி.”

நீ சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன். “நூறு வருஷம் இருந்து அவனுக்குத் தண்ணி காட்டு,” என்றேன். நீ ஊறுகாயை நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தாய். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் உற்றுக் கேட்டிருக்க வேண்டும். சொற்களை எடை போட்டுப் பிழைக்கிறவள் நான், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் சொல்லை மட்டும் கோட்டைவிட்டேன்.

அடுத்த மாதமே அவன் கடைக்கு வந்தான். பொட்டலத்தில் உனக்குப் பிடித்த ரவா லட்டு. “அத்தை, வெளியில குடுத்தா ஏதாவது தப்பு வந்துடும். நீங்களே தமிழ்ல பண்ணிடுங்கோளேன்,” என்று உன் விடுதலைப் பத்திரத்தை உன்னிடமே கொடுத்தான். ஒருத்தியின் உரிமையைப் பிடுங்குகிற காகிதத்தை அவள் கையாலேயே மொழிபெயர்க்க வைத்தவனைப் பற்றி என்ன சொல்ல? மரியாதையான பையன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

நீ இரண்டு நாளில் முடித்தாய். “வா, படிச்சுடலாம்,” என்றேன். பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன்.

“நம்மாத்துப் பேப்பர்டி. இதுக்குப் போய் என்ன படிச்சுண்டு?”

“ரூம் தர்றேன்னு சொன்னானே, எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு. புது பிளாட்ல ஒரு ரூம், என் ஆயுசு முழுக்க. நீ உன் வேலையைப் பாரு.”

அன்றைக்குப் பார்த்து நாலைந்து மாணவர்களின் விசா காகிதங்கள் என் மேசையில் குவிந்திருந்தன. ஒரு வேலை குறைந்தது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்தில் படிக்காமல் வெளியே போன ஒரே காகிதம் அது. மறுநாள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் சாட்சி எண் ஒன்று என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கேமராவைப் பார்க்கச் சொன்னபோது நீ பொட்டைச் சரிசெய்துகொண்டாய். வெளியே வந்து ஆளுக்கு ஒரு காபி குடித்தோம்.

வீட்டை இடித்துக் கட்ட ஒன்றரை வருஷம் என்றார்கள், மூன்றாயிற்று. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு சின்னப் போர்ஷனில் உன்னை வைத்தான். கட்டடம் முடிந்தது. முதலில் அவன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிறகு மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கத் தனி அறை வேண்டும். நீ ஒவ்வொரு காரணத்தையும் அவனுக்காக என்னிடம் வாதாடினாய். “பத்திரத்துல இருக்குல்ல, போய்க் கேளு,” என்று நான் கத்தும்போதெல்லாம் நீ பேச்சை மாற்றினாய்.

அந்த வருஷப் பெருமழையில் உன் வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நீ கட்டில்மேல் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாய், குரலில் ஒன்றுமே இல்லை. “எங்க வீட்டுக்கு வந்துடேன்,” என்றேன். அந்த வாக்கியத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மந்தைவெளியில் எனக்கு இரண்டு அறை. ஒன்றில் மகனும் மருமகளும். நான் போன் பேசும்போது மருமகள் அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள். ‘வேண்டாம்’ என்று நீ சொல்ல வேண்டுமே என்ற குரலில்தான் நான் உன்னைக் கூப்பிட்டேன்.

“வேண்டாம்டி. வடிஞ்சுடும்,” என்றாய்.

இரண்டாம் தடவை நான் கூப்பிடவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு காய்ச்சல், நாலாம் நாள் நீ இல்லை. உன்னை எங்கே கொண்டுவந்து வைத்தார்கள் தெரியுமா? உன் வீட்டுக்குத்தான். அதாவது உன் வீடு இருந்த இடத்துக்கு. லிஃப்டில் ஐஸ் பெட்டி நுழையாது, குடியிருப்போர் சங்கத்தில் வேறு சங்கடப்படுவார்கள் என்று கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மூன்றாம் நம்பர் என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. அந்தக் கட்டடத்தில் உனக்குக் கிடைத்த இடம் அதுதான், மூன்று மணி நேரத்துக்கு. பால் பாக்கெட்டோடு ஒருவர் உன்னைச் சுற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். நான் அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் அழுதுகொண்டிருந்தான், உண்மையாகவே அழுதான். அதனால் விட்டுவிட்டேன்.

“அத்தையோட பேப்பர் எல்லாம் நீங்களே எடுத்துக்கோங்கோ மாமி,” என்று வேளச்சேரி சாவியைக் கொடுத்தான். தண்ணீரில் ஊறிக் காய்ந்து அப்பளமாகிக் கிடந்தது எல்லாம். அதற்கு நடுவே ஓர் உறைக்குள் அந்தப் பத்திரத்தின் நகல், நம் பிரிண்டரில் எடுத்தது. மை கரைந்து நீலமும் கறுப்புமாக ஓடியிருந்தது. ஆனால் பென்சில் தண்ணீரில் கரையாது. எழுத்து கலங்கிப்போன பக்கங்களின் ஓரத்தில், வால் நீண்ட உன் டிக் மட்டும் வரிக்கு வரி அப்படியே இருந்தது.

ஆக, நீ படித்திருக்கிறாய். என்னைத் தவிர்த்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து, ஆங்கிலத்தை நீயே படித்து, தமிழை நீயே சரிபார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். வெயிலில் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நான் ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக் கூட்டினேன். ‘எனது ஆயுட்கால உரிமையை எவ்விதப் பிரதிபலனும் இன்றி, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் இதன்மூலம் விட்டுவிடுகிறேன்.’ டிக். புது பிளாட்டில் ஓர் அறை என்று ஒரு வரியைத் தேடினேன். நாலு பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை.

எனக்குப் பொய் சொன்னாய். அவன் உன்னை ஏமாற்றினான் என்று இரண்டு வருஷம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ ஏமாறவில்லை. தெரிந்து கொடுத்தாய். நீ எப்போது சாவாய் என்று எதிர்பார்க்கிற வீட்டில் தினமும் காபி குடிப்பதைவிட அறையைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாய். அது எனக்குப் புரிகிறது. இந்த ஊரில் எனக்குத்தான் அது நன்றாகப் புரியும். ஆனால் என்னை எதற்கடி சாட்சியாக்கினாய்? படித்தால் விடமாட்டேன், பத்திரத்தைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டிருப்பேன் என்று தெரிந்துதானே படிக்க விடவில்லை? உன் வாழ்க்கையை நீ தூக்கிக் கொடுத்த காகிதத்தில் என் பெயர் இருக்கிறது, என் அப்பா பெயரோடு, என் வீட்டு விலாசத்தோடு. அதற்கு நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் உன்னை மன்னிக்கவில்லை. வேளச்சேரியில் இருந்தவளை ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்திக்கொண்ட என்னையும் மன்னிக்கவில்லை. இரண்டும் தனித்தனி. ஒன்றைக் காட்டி ஒன்றைக் கழிக்க முடியாது.

இன்றைக்கு அந்த அம்மாளை எதிர் நாற்காலியில், உன் நாற்காலியில், உட்காரவைத்தேன். மொழிபெயர்த்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனால் நீ போனபிறகு எந்தப் பெண் விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தாலும் நானே படித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. எளிய தமிழில் மெதுவாகப் படித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன்.

“இதுல கையெழுத்துப் போட்டா அந்த ரெண்டு ரூம்ல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. நாளைக்கே காலி பண்ணுன்னாலும் பண்ணணும். புரியுதாம்மா?”

“புரியுதும்மா.”

“வேற இடம் தர்றதா எங்கயும் எழுதல.”

“தெரியும்மா. எழுதச் சொல்லி நான் கேக்கல.” வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அண்ணன் இன்னும் போனில்தான் இருந்தார். “உரிமைன்னு சொல்லிக்கினு அங்க இருந்தா, எங்கண்ணன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. நல்ல நாளு, பொழுதுக்கு வாம்மான்னு ஒரு வார்த்த கூப்பிடணும்ல? எனக்கு அது போதும். நீ மேல படி.”

நான் எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டியிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இவருக்குப் படித்துக் காட்டினேன், வரி வரியாக, பகல் வெளிச்சத்தில். மிச்சத்தையும் படித்து முடித்தேன். அவர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “சாட்சிக் கையெழுத்து நீயே போட்டுடும்மா, அங்க யாரு கெடைப்பாங்க எனக்கு,” என்றார்.

“சாட்சிக்கு மட்டும் வேற ஆளப் பாருங்கம்மா,” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அண்ணன் பின்னால் பைக்கில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்.

எதிரில் யாரும் இல்லாமல் நானே ஆங்கிலத்தை உரக்கப் படித்து, நானே பென்சிலைப் பிடித்து, மூன்று பக்கமும் பார்த்து முடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டாம் பக்கத்து நடுவரி ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் என் எறும்பு டிக் விழுந்திருக்கிறது. அந்த வரியும் சரியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் அஞ்சு மணி ஆகப்போகிறது, சந்தில் பூக்காரி தண்ணீர் தெளிக்கிறாள், பென்சில் முனையை அந்த வரி ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ எப்படியடி போட்டாய்?